தாய்மான் தேர்ந்தெடுக்கிறதா?

மூன்றே பக்கக் கட்டுரை அது. 1973இல் ‘சயன்ஸ்’ இதழில் ராபர்ட் டிரிவர்ஸும் டான் வில்லார்டும் சேர்ந்து எழுதியது. பாலூட்டிகளில் ஒரு தாய் தன் உடல்நிலைக்கு ஏற்ப ஆண்குட்டியையோ பெண்குட்டியையோ கூடுதலாக ஈனக்கூடும், அந்தத் திறனை இயற்கைத் தேர்வு வளர்த்திருக்கும் என்பது அதன் வாதம். அதன் பிறகு மான்களின் பால் விகிதம் பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த மூன்று பக்கங்களுக்கு ஆதரவாகவோ எதிராகவோ சாட்சி சொல்ல வந்தவைதாம். அந்தச் சாட்சியங்களை ஒன்றாக வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ‘வலுத்த தாய்க்கு ஆண், மெலிந்த தாய்க்குப் பெண்’ என்ற வாய்பாடு இன்று நிறுவப்பட்ட உண்மைபோல உலவுகிறது. மான்களைப் பொறுத்தவரை அது அப்படி நிறுவப்படவில்லை என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு எதிராக நிற்பவற்றையும் சும்மா தள்ளிவிட முடியாது.

வாதத்தை அதன் முழு வலுவோடு முன்வைப்பதுதான் நியாயம். பல பெண்மான்களை ஓர் ஆண்மான் கைப்பற்றிக்கொள்ளும் இனங்களில் ஆணின் வாழ்க்கை பெரும் சூதாட்டம். உடல்வலு உள்ளது பல பருவங்களில் பல குட்டிகளுக்குத் தந்தையாகும். வலு குறைந்தது ஒரு குட்டிகூட இல்லாமல் செத்துப்போகும். பெண்மானுக்கு அப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் கிடையாது. நல்ல நிலையில் இருந்தாலும் சுமாரான நிலையில் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற எல்லையை அது தாண்ட முடியாது. அப்படியானால் நன்றாகப் பாலூட்டி வளர்க்க வசதியுள்ள தாய்க்கு ஆண்குட்டி லாபம். வசதியற்ற தாய்க்குப் பெண்குட்டி பாதுகாப்பு.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி பிறப்பதற்கான காரணத்தை ரொனால்ட் ஃபிஷர் 1930இலேயே விளக்கிவிட்டார். எந்தப் பால் அரிதாகிறதோ அதை ஈனுபவற்றுக்குப் பேரக்குட்டிகள் பெருகும். ஆகவே விகிதம் மீண்டும் நடுவுக்கே இழுபடும். டிரிவர்ஸ்–வில்லார்ட் கருத்து இதை மறுக்கவில்லை. மொத்தக் கூட்டத்தில் பாதிக்குப் பாதி இருக்கும்போதே தாய்க்குத் தாய் சாய்வு வேறுபடலாம் என்றுதான் அது சொல்கிறது. ஆகவே ‘மொத்தக் கணக்கு சமமாகத்தானே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அது மறுப்பாகாது. அதேபோல, முதுமலைச் சாலையோரம் மேயும் புள்ளிமான் கூட்டத்தில் பெண்மான்கள் கூடுதலாகத் தெரிவதும் இங்கே சான்றாகாது. வளர்ந்த ஆண்கள் சண்டையிலும் வேட்டைவிலங்குகளின் வாயிலும் கூடுதலாக மடிகின்றன. பல வேளைகளில் தனியாகவும் திரிகின்றன. நாம் கேட்பது பிறக்கும்போது உள்ள கணக்கு. அதை அறிய ஒவ்வொரு தாயையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு குட்டியையும் பிறந்த சூட்டோடு பார்த்திருக்க வேண்டும்.

அந்த அளவுக்குப் பார்த்த இடங்கள் உலகில் மிகக் குறைவு. அவற்றில் முதலிடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ரம் தீவுக்கு. ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர் பரப்பு, மழையும் காற்றும் ஓயாத மலைகள், ஓநாய் இல்லை, கரடி இல்லை. அங்கே வாழும் செம்மான்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, பிறப்பிலிருந்து இறப்புவரை பின்தொடரும் ஆய்வு அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. ஃபியோனா கின்னஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த மான்களைப் பார்ப்பதிலேயே கழித்தவர். ஜூன் மாதத்தில் பிறக்கும் குட்டிகளை முடிந்தவரை உடனே பிடித்து, எடைபோட்டு, காதில் அடையாளமிட்டு விடுவார்கள். செம்மான் ஒரு பேற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால் கணக்கும் தெளிவானது.

டிம் கிளட்டன்-பிராக், ஸ்டீவ் ஆல்பன், கின்னஸ் மூவரும் 1984இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவுதான் இந்தத் துறையின் புகழ்பெற்ற சாட்சி. பெண்மான்களுக்குள்ளும் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. மேய்ச்சல் இடத்தில் யார் யாரை விரட்டுகிறது என்பதைக் கொண்டு அதை அளந்தார்கள். மேல்நிலையில் உள்ளவை கீழ்நிலையில் உள்ளவற்றைவிடக் கூடுதலாக ஆண்குட்டிகளை ஈன்றன. அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. தாயின் மேல்நிலை மகளின் வாழ்நாள் வெற்றியைவிட மகனின் வெற்றியைத்தான் கூடுதலாக உயர்த்தியது. மேல்நிலைத் தாய்க்கு ஆண்குட்டி லாபம், கீழ்நிலைத் தாய்க்குப் பெண்குட்டி லாபம். கோட்பாடு கேட்ட இரண்டு நிபந்தனைகளும் ஒரே இடத்தில் நிறைவேறிய அரிய சான்று அது. ஆண்குட்டி வளர்ப்பது செலவு மிக்கது என்பதும் ரம் தீவில் தெரிந்தது: ஆண்குட்டிக்குப் பாலூட்டிய தாய் அடுத்த ஆண்டு தாமதமாக ஈனும், அல்லது ஈனாமலே போகும். 1990இல் வந்த தொடர்ச்சி அந்தச் சுமை முக்கியமாகக் கீழ்நிலைத் தாய்களின் மேல்தான் விழுகிறது என்று காட்டியது.

இத்தோடு நின்றிருந்தால் தீர்ப்பு எளிது. ஆனால் ரம் தீவு நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆய்வுப் பகுதியில் மான்களைச் சுட்டுக் குறைக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். பெண்மான்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. 1999இல் லூஸ்கே குரூக் முதல் ஆசிரியராக, கிளட்டன்-பிராக்கும் ஆல்பனும் கின்னஸும் உடன் சேர்ந்து, அதே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: கூட்டம் நெருக்கமானபோது மேல்நிலைக்கும் ஆண்குட்டிக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. கூட்டம் பெருகப் பெருக, குளிர்கால மழை கூடக் கூட, பிறக்கும் ஆண்குட்டிகளின் பங்கு குறைந்தது. அந்த ஆண்டுகளில் மொத்தப் பிறப்பும் குறைந்தது.

இந்தக் கடைசி வரிதான் என்னை மாற்றியது. ஆண்குட்டிக்குப் பதிலாகப் பெண்குட்டி பிறந்திருந்தால் மொத்தப் பிறப்பு குறையத் தேவையில்லை. ஆண்குட்டிகளின் பங்கும் மொத்தப் பிறப்பும் சேர்ந்து குறைகின்றன என்றால், கருவுற்ற பிறகு வயிற்றிலேயே ஆண்கருக்கள் கூடுதலாக அழிகின்றன என்பதே எளிய விளக்கம். வேகமாக வளரும் ஆண்கரு தாயிடம் கூடுதலாகக் கேட்கிறது. பஞ்சகாலத்தில் முதலில் விழுவது அதுதான். இதையும் தாயின் உத்தி என்று சொல்லலாம். டிரிவர்ஸும் வில்லார்டும்கூட வலுவிழந்த தாயின் வயிற்றில் ஆண்கருக்கள் கூடுதலாக அழிவது தகவமைப்பாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. செம்மான் இலையுதிர் காலத்தில் மட்டுமே இணைசேரும், எட்டு மாதம் சுமக்கும். நடுக்குளிரில் கரு கலைந்தால் அந்தத் தாய்க்கு அந்த ஆண்டு முழுவதும் வீண். உடனே மறுபடி கருத்தரித்துப் பெண்குட்டியைப் பெற வழியில்லை. தாய் தன் உயிரைக் காத்துக்கொள்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அது குட்டியின் பாலைத் தேர்ந்தெடுப்பது ஆகாது. வறுமை எடுத்துக்கொண்டதை எல்லாம் தாயின் சாமர்த்தியம் என்று பெயரிட்டால், எந்த இழப்பையும் உத்தி என்று சொல்லிவிடலாம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாங்களே நிறுவியதை அதே குழு, அதே தீவில், அதே மான் வழித்தோன்றல்களைக் கொண்டு வரம்புக்கு உட்படுத்தியது அறிவியல் நேர்மையின் உயர்ந்த எடுத்துக்காட்டு. ஆனால் முதல் கட்டுரை மேற்கோள் காட்டப்படும் ஆர்வத்தோடு இரண்டாவது காட்டப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ரம் தீவை விட்டு வெளியே வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், குசினோ ஆய்வு நிலையத்தின் அடைப்புகளில், லூயிஸ் வெர்மி வெண்வால் மான்களுக்குத் தீனியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தவர். 1969இல் அவர் வெளியிட்ட முடிவு டிரிவர்ஸ்–வில்லார்டுக்கு நேர் எதிரானது: இணைசேரும் காலத்தில் தீனி குறைந்த தாய்கள்தான் கூடுதலாக ஆண்குட்டிகளை ஈன்றன. இணைசேரும் நேரமும் கணக்கில் வருகிறது என்று அவரும் ஜான் ஓசோகாவும் பின்னர் காட்டினார்கள். வேட்கைக் காலத்தின் பிற்பகுதியில் சேர்ந்தவை ஆண்குட்டிப் பக்கம் சாய்ந்தன.

இதற்கும் ஒரு கோட்பாடு தயாராக இருந்தது. ஆன் கிளார்க் 1978இல் குரங்கினத்தின் தூரத்து உறவான காலகோக்களை வைத்து முன்வைத்த கருத்து அது. மகள்கள் தாயின் எல்லையிலேயே தங்கி, தாயோடு தீனிக்குப் போட்டியிடுகின்றன. மகன்கள் விலகிப் போய்விடுகின்றன. ஆகவே தீனி குறைந்த இடத்தில் தாய்க்கு ஆண்குட்டி நல்லது. வெண்வால் மானில் மகள்கள் தாயின் அருகிலேயே தங்குவது உண்மைதான். ஆகவே விளக்கம் பொருந்துகிறது.

பொருந்துவதுதான் சிக்கல். வலுத்த தாய்க்கு ஆண் பிறந்தால் டிரிவர்ஸ்–வில்லார்ட். மெலிந்த தாய்க்கு ஆண் பிறந்தால் கிளார்க். ஆண் குறைந்தால் கருவிலேயே இழப்பு. ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன என்று முடித்துவிடலாம். எந்தத் திசையில் முடிவு வந்தாலும் ஒரு கோட்பாடு காத்திருக்கும்போது, முடிவைப் பார்த்த பிறகு கோட்பாட்டை எடுக்கும் ஆய்வுக்கு மதிப்பு இல்லை. இந்த இனத்தில், இந்த நெருக்கத்தில், இந்தத் திசையில்தான் சாய்வு இருக்க வேண்டும் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே சொன்ன ஆய்வுக்கே எடை தர வேண்டும்.

அந்த உரைகல்லில் தேறுபவை ரோ மான் ஆய்வுகள். மார்க் ஹூயிசனும் ழான்-மிஷேல் கையாரும் முன்வைத்த கேள்வி எளியது: தாயின் வலு உண்மையில் எந்தக் குட்டிக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது? செம்மானில் ஆண் பெண்ணைவிட மிகப் பெரியது. ரோ மானில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆணுக்கு எல்லை உண்டு, பெண்மான் கூட்டத்தைக் கைப்பற்றும் வழக்கம் இல்லை. ஆகவே தாயின் கொழுப்பால் மகன் பெறும் கூடுதல் லாபம் சிறியது. தாயின் நல்ல இடமும் நல்ல உடலும் மகளுக்கே கூடுதலாகப் போய்ச் சேரும். அப்படியானால் கொழுத்த ரோ மான் பெண்குட்டிகளின் பக்கம் சாய வேண்டும். அவர்கள் பார்த்த தரவுகளில் அப்படித்தான் சாய்ந்தது. பிரான்சின் சீசே, த்ருவா-ஃபோன்தேன் காடுகளில் பல ஆண்டுகள் பிடித்து எடைபோட்ட மான்களைக் கொண்டு 2005இல் வந்த ஆய்வும், கனத்த தாய்கள் மகள்களுக்கே கூடுதலாகச் செலவிடுகின்றன என்றது. ஆனால் இங்கும் கதை முழுதாகச் சேரவில்லை. பெல்ஜியத்தில் எதிர்த்திசை முடிவு வந்திருந்தது. ரோ மான் ஆய்வுகளின் முரண்பாடுகளையே தலைப்பாக வைத்து 1999இல் ஹூயிசன் உள்ளிட்டோர் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ரோ மான் கோடையில் இணைசேர்ந்தாலும் கரு ஏறக்குறைய ஐந்து மாதம் கருப்பையில் ஒட்டாமல் மிதந்தே இருக்கும். தாயின் உடல்நிலையை எப்போது அளப்பது? கூடிய வேளையிலா, கரு ஒட்டும் வேளையிலா? மான்களைப் பிடித்து எடைபோடுவதோ குளிர்காலத்தில்.

எண்களைப் பற்றி ஒரு சொல். நாணயத்தை நூறு முறை சுண்டினால் நாற்பதிலிருந்து அறுபதுவரை தலை விழுவது சாதாரணம். நூறு பிறப்புகளை வைத்து 58 சதவீதம் ஆண்குட்டி என்று ஒருவர் எழுதினால், அதில் தாயின் கைவண்ணம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 50க்கும் 55க்கும் உள்ள வேறுபாட்டை நம்பகமாகப் பிடிக்க ஏறக்குறைய எண்ணூறு பிறப்புகள் வேண்டும். இரண்டு வகைத் தாய்களை ஒப்பிடுவதானால் ஒவ்வொரு பக்கமும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். மான் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த அளவை நெருங்குவதே இல்லை. சிறிய தரவில் பெரிய சாய்வு கிடைத்தவர் எழுதுகிறார். ஒன்றும் கிடைக்காதவர் பெட்டியில் போட்டு மூடுகிறார். மார்கோ ஃபெஸ்தா-பியாங்கெ 1996இல் இந்தக் கேள்வியை நேரடியாகவே எழுப்பினார்: பால் விகித ஆய்வுகள் அச்சேறுவது தரத்தாலா, முடிவின் திசையாலா?

அப்படியும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. 2004இல் பென் ஷெல்டனும் ஸ்டூவர்ட் வெஸ்ட்டும் 18 குளம்பு விலங்கினங்களைப் பற்றிய 37 ஆய்வுகளைச் சேர்த்தார்கள். தாயின் நிலைக்கும் ஆண்குட்டிக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் மெலிதாக. கருத்தரிப்பதற்கு முன் தாயை அளந்த ஆய்வுகளிலும், ஆண்கள் பெண்களைவிட மிகப் பெரிதாக உள்ள இனங்களிலும் அது வலுத்தது. அதே ஆண்டு எலிசா கேமரான் பாலூட்டி ஆய்வுகளைத் திரட்டியபோது மூன்றில் ஒரு பங்கு அளவே கோட்பாட்டை ஆதரித்தன. கருத்தரிக்கும் வேளையில் தாயின் உடல்நிலையை அளந்தவற்றை மட்டும் எடுத்தால் ஆதரவு வெகுவாக உயர்ந்தது. இரத்தச் சர்க்கரை வழியாக இது நடக்கலாம் என்பது அவர் கருத்து. மாட்டுக் கருக்களை ஆய்வகத்தில் வளர்க்கும்போது சர்க்கரையின் அளவு ஆண்கருக்களையும் பெண்கருக்களையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பது அதற்கு ஒரு துணை. மான் வயிற்றில் அது நடப்பதை யாரும் காட்டிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. ஆனால் இரண்டு தொகுப்புகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: ஏதாவது இருந்தால் அது கருத்தரிக்கும் அந்தச் சில நாட்களில் இருக்கிறது.

இவ்வளவு நேரமும் தந்தை எங்கே என்ற கேள்வி எழ வேண்டும். முப்பது ஆண்டுகள் அந்தக் கேள்வியைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. விந்தணுக்களில் எக்ஸ் குரோமோசோம் கொண்டவையும் ஒய் கொண்டவையும் பாதிக்குப் பாதி என்று பாடநூல் சொல்லிவிட்டதால், தந்தைக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். 2006இல் மொன்செராட் கோமென்டியோவும் அவருடைய ஸ்பெயின் குழுவினரும் இந்த நம்பிக்கையை அசைத்தார்கள். ஐபீரியச் செம்மான்களின் விந்தைச் சேகரித்து, செயற்கை முறையில் பெண்மான்களுக்குச் செலுத்தினார்கள். கருத்தரிக்கச் செய்யும் திறன் மிகுந்த ஆண்களுக்கு ஆண்குட்டிகள் கூடுதலாகப் பிறந்தன; குறைந்தவற்றுக்குப் பெண்குட்டிகள். இந்தச் சோதனையின் மதிப்பு அதன் அமைப்பில் இருக்கிறது. பெண்மான் ஆணைப் பார்க்கவே இல்லை. கொம்பையோ உடலையோ எடைபோட்டு எதையும் தீர்மானிக்க வாய்ப்பில்லை. ஆகவே விளைவு விந்திலிருந்தே வந்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த துருவ மான் சோதனையை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. கிநுட் ரோயெடும் கூட்டாளிகளும் இணைசேரும் பருவத்தில் மந்தையில் இருக்கும் ஆண்களை மாற்றிப் பார்த்தார்கள். ஆண்களின் சராசரி எடை இரட்டிப்பானபோது ஆண்குட்டிகளின் பங்கு ஏறக்குறைய 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு உயர்ந்தது. பெரிய விளைவு. சிறந்த ஆணைக் கண்ட தாயின் பதில் என்று அவர்கள் அதை விளக்கினார்கள். ஆனால் ஸ்பெயின் சோதனைக்குப் பிறகு, பெரிய ஆணின் விந்தே காரணமாக இருக்கலாம் என்ற மாற்று விளக்கத்தை அவர்கள் தரவால் விலக்க முடியாது. நார்வேயின் வேகா தீவில் மூஸ் மான்களின் வயதுவந்த ஆண்களை அகற்றி, இளம் ஆண்களை மட்டும் விட்டபோதும் பிறந்தவற்றில் ஆண்குட்டிகள் குறைந்தன. வேறு வேறு இனம், வேறு வேறு முறை, ஒரே திசை. மூன்றுமே வெறும் அவதானிப்புகள் அல்ல, சோதனைகள். தாய்ப் பக்கத்துச் சான்றுகளில் இப்படி ஒரு ஒற்றுமையைக் காண முடியவில்லை.

ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ரம் தீவிலிருந்தே ஒரு தடயம் கிடைத்தது. 2007இல் கத்தாரினா ஃபோர்ஸ்டரும் கூட்டாளிகளும், வாழ்வில் பெரும் வெற்றி கண்ட ஆண்மான்களின் மகள்கள் சராசரிக்குக் கீழான வெற்றியே பெறுகின்றன என்று காட்டினார்கள். ஆணுக்கு ஏற்ற மரபணுக்கள் எப்போதும் பெண்ணுக்கு ஏற்றவையாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட தந்தைக்கு ஆண்குட்டி லாபம், பெண்குட்டி நட்டம். தந்தை வழியாகச் சாய்வு உருவாக இயற்கைத் தேர்வுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் விந்தில் அந்தச் சாய்வு எப்படி நிகழ்கிறது என்ற கண்ணி இன்னும் கோக்கப்படவில்லை. ஆகவே இதையும் நான் முழு ஏற்புக்கு உரியதாக வைக்கவில்லை. தாய்க் கோட்பாட்டைவிட ஒரு படி மேலே வைக்கிறேன்.

இப்போது தீர்ப்பைச் சொல்லலாம். கடுங்குளிரும் நெருக்கமும் வயிற்றில் உள்ள ஆண்கருக்களைக் கூடுதலாக அழிக்கின்றன என்பதற்கான சான்று, செம்மானைப் பொறுத்தவரை வலுவானது. தந்தையின் தரம் குட்டியின் பாலைச் சாய்க்கிறது என்பதற்கான சான்று குறைந்த எண்ணிக்கையில் இருந்தாலும் தரத்தில் உயர்ந்தது. தாயின் நல்ல நிலை ஆண்குட்டியைக் கொண்டுவருகிறது என்பது, ஆண்கள் மிகப் பெரிதாக உள்ள இனங்களில், தீனி தாராளமாக உள்ள காலத்தில், கருத்தரிக்கும் வேளையில் அளந்தால் ஓரளவு உண்மை. அதை மான்களின் பொது விதி என்று சொல்வது தவறு. ரோ மானே அதற்கு எதிர்ச்சாட்சி. ‘தாய் தேர்ந்தெடுக்கிறது’ என்ற வாக்கியம் மான்களைப் பற்றிய விளக்கங்களிலிருந்து போக வேண்டும். தேர்வு என்றால் மாற்று வழி இருக்க வேண்டும். ஓராண்டையே இழக்கும் தாய்க்கு அது இருந்ததாக யாரும் காட்டவில்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. வடக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் மான்களைச் சுடும் அளவு அதிகாரிகளால் தீர்மானிக்கப்படுகிறது. பெரிய கொம்புள்ள முதிர்ந்த ஆண்களுக்கே வேட்டைக்காரர்களிடம் மதிப்பு. அவற்றை எடுத்துவிட்டு இளம் ஆண்களிடம் இனப்பெருக்கத்தை விட்டால் அடுத்த தலைமுறையின் ஆண்–பெண் கணக்கே மாறக்கூடும் என்று வேகாவும் துருவ மான் மந்தையும் காட்டுகின்றன. தாயின் கொழுப்பை மட்டும் பார்த்து எண்ணிக்கை வகுக்கும் நிர்வாகம் இதைத் தவறவிடும். அடுத்து வேண்டியது, தாய், தந்தை என்ற இரண்டு விளக்கங்களையும் ஒரே கூட்டத்தில் மோதவிடும் சோதனை: ஒரே தரமான விந்தைக் கொழுத்த தாய்க்கும் மெலிந்த தாய்க்கும், உயர்ந்த விந்தையும் தாழ்ந்ததையும் ஒரே நிலையில் உள்ள தாய்களுக்கும் செலுத்தி, எதிர்பார்க்கும் திசையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் பிறப்புகளை எண்ணுவது. ஸ்பெயினின் மான் பண்ணைகளில் அதற்கான கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறது.